இஸ்ரேல்–பாலஸ்தீன அமைதி: அடிக்கடி வரும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

2025 அக்டோபரில் காசாவில் சண்டை நின்றதாக அறிவிப்பு வந்த அன்று, தெரிந்தவர்கள் பலரும் கேட்டது ஒன்றுதான்: "இனிமேலாவது முடிஞ்சிடுமா?" சண்டை நிறுத்தம் வேறு, சமாதானம் வேறு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்தடுத்து வந்த கேள்விகள் ஒரு வரியில் அடங்குகிறவையாக இல்லை. அவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எனக்கென்று ஒரு கருத்து உண்டு, அதை ஒளித்துவைக்கப் போவதில்லை. தீர்வு என்னவென்று தெரியாமல் அங்கே யாரும் திணறவில்லை. தெரிந்த தீர்வைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே அதன் காலடி மண்ணைக் கரைத்துவிட்டார்கள்.

இது மூவாயிரம் வருஷத்துப் பகை இல்லையா? இதெல்லாம் எங்கே தீரப்போகிறது?

இல்லை. வேதப் புத்தகங்களில் வரும் பழைய போர்களை இன்றைய சண்டையோடு முடிச்சுப் போடுவதால் வரும் குழப்பம் இது. இன்றைய சிக்கலுக்கு வயது நூற்றுச் சொச்சம். ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட அடி, அதிலிருந்து பிறந்த, யூதர்களுக்கென்று ஒரு நாடு கேட்ட சியோனிய இயக்கம், ஒட்டோமான் பேரரசின் சரிவு, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பிரிட்டன் என்று அதன் வேர்கள் எல்லாமே அண்மைக் காலத்தவை. 1917இல் பால்ஃபர் அறிவிப்பு மூலம் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்தது. அப்போது அங்கே வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரேபியர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, நிலத்தை இரண்டாகப் பிரிக்கும் 181ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13. யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தரப்பு மறுத்தது, போர் மூண்டது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது. சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டோ பயந்து ஓடியோ வீடிழந்தார்கள். ஒரு தரப்பு சுதந்திர நாள் என்று கொண்டாடுவதை, மறு தரப்பு 'நக்பா', அதாவது பேரழிவு என்று நினைவுகூர்கிறது.

செய்தியில் '1967 எல்லை' என்று சொல்கிறார்களே, அது எது?

1949இல் போர் ஓய்ந்தபோது வரைபடத்தில் பச்சை மையால் போட்ட போர்நிறுத்தக் கோடு அது. அதனால்தான் பச்சைக்கோடு என்ற பெயர். கோட்டுக்கு அந்தப்பக்கம் மேற்குக் கரை ஜோர்டான் வசமும், காசா எகிப்து வசமும் இருந்தன. 1967 ஜூனில் ஆறே நாளில் இஸ்ரேல் இரண்டையும் பிடித்தது. அந்தக் கோட்டுக்கே திரும்பிப் போங்கள், வேண்டுமானால் பேசிவைத்துக்கொண்டு கொஞ்சம் நிலம் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் உலக நாடுகளில் பெரும்பாலானவை சொல்லும் கணக்கு. பாலஸ்தீனர்கள் கேட்கும் காசாவும் மேற்குக் கரையும் சேர்ந்து, ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட மொத்த நிலத்தில் 22 விழுக்காடுதான். "78ஐ விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பேச வந்தோம், அதையும் பாதியாக்கச் சொன்னால் எப்படி?" என்று அவர்கள் கேட்பது இதை வைத்துத்தான்.

ஓஸ்லோ ஒப்பந்தம் போட்டார்களே, கைகூடக் குலுக்கினார்களே. அது ஏன் தோற்றது?

இந்தப் பக்கத்திலேயே நீளமான பதில் இதற்குத்தான்.

1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்தரையில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராபத்தும் கை குலுக்கினார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு பரிமாறிய கடிதங்களைப் படித்தால் விஷயம் விளங்கும். இஸ்ரேல் என்ற நாடு இருக்க உரிமை உண்டு என்று பாலஸ்தீன விடுதலை இயக்கம் எழுதிக்கொடுத்தது. பதிலுக்கு இஸ்ரேல், அந்த இயக்கம் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்று மட்டும் ஏற்றது. பாலஸ்தீனம் என்றொரு நாடு வரும் என்று ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. ஐந்து வருஷம் இடைக்கால ஏற்பாடு, அதற்குள் பேசி முடிப்போம் என்றார்கள். எல்லை, ஜெருசலேம், குடியேற்றங்கள் (1967இல் பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர்கள் கட்டிய ஊர்கள்), அகதிகள், பாதுகாப்பு ஆகிய ஐந்தும் 'பிறகு'. வீட்டைக் கட்டிக்கொண்டே போவோம், நிலம் யாருடையது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

1995இல் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். நகரங்கள் அடங்கிய ஏ பகுதி பாலஸ்தீன நிர்வாகத்திடம் போனது. சுமார் 60 விழுக்காடு நிலம் கொண்ட சி பகுதி முழுக்க இஸ்ரேலிய ராணுவத்திடம் இருந்தது. இதுவும் தற்காலிகம்தான். 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டிய அந்தப் பிரிவினை இன்றுவரை அப்படியே நிற்கிறது. ரமல்லா போன்ற ஊர்களின் நுழைவாயிலில் பெரிய சிவப்புப் பலகை ஒன்று இருக்கும். இது ஏ பகுதி, இஸ்ரேலியக் குடிமக்கள் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கு ஆபத்து என்று மூன்று மொழியில் எழுதியிருப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு என்று போட்ட கோட்டைக் காக்கும் பலகை அது.

இப்படித் தள்ளிப்போட்டதில் இரண்டு பக்கமும் எதிரிகளுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேற்றவாசி சுட்டுக் கொன்றான். அந்த ஏப்ரலில் இஸ்ரேல் நகரங்களில் ஹமாஸ் என்ற பாலஸ்தீன இஸ்லாமிய ஆயுத இயக்கத்தின் தற்கொலைக் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. 1995 நவம்பர் 4 அன்று, அமைதிப் பேரணி முடிந்து காரில் ஏறப்போன ராபினை இகால் அமீர் என்ற யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். 1996 தொடக்கத்தில் பேருந்துகளில் வரிசையாகக் குண்டுகள். அந்த மே மாதத் தேர்தலில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில், ஓஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு வென்றார். மேற்குக் கரையில் 1993இல் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த குடியேற்றவாசிகள், 2000 வாக்கில் இரண்டு லட்சத்தை நெருங்கினார்கள். தோட்டாவும் குண்டும் ஒரு பக்கம் என்றால், சத்தம் போடாமல் வேலை செய்தது இந்தக் கணக்கு.

எகிப்தோடு போட்ட சமாதானம் மட்டும் எப்படி நிலைத்தது?

அங்கே முடிவை முதலில் எழுதினார்கள், படிகளைப் பிறகு வைத்தார்கள். 1979 மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கையில் சினாய் முழுவதையும் மூன்று வருஷத்தில் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாக இருந்தது. 1982 ஏப்ரலில் தந்தார்கள். யமித் என்ற குடியேற்றத்தில் கூரைமேல் ஏறி நின்று மறுத்தவர்களை இஸ்ரேலிய ராணுவமே இழுத்து இறக்கியது. அப்போது பிரதமர் பெகின், பாதுகாப்பு அமைச்சர் ஷாரோன். இருவரும் வலதுசாரிகள். சினாயில் கண்காணிக்கப் பன்னாட்டுப் படை ஒன்று வந்தது, இன்னமும் இருக்கிறது. உடன்படிக்கை போட்ட எகிப்து அதிபர் அன்வர் சதாத்தை 1981இல் சொந்த ராணுவத்தாரே கொன்றார்கள். அதற்குப் பிறகும் உடன்படிக்கை சாகவில்லை.

எனக்குப் பிடித்த சின்ன விஷயம் தாபா. செங்கடலோரம் ஒரு ஹோட்டலும் கொஞ்சம் கடற்கரையும் உள்ள, ஒரு சதுர கிலோமீட்டர் அளவுத் துண்டு நிலம். எல்லைக்கல் இங்கேயா அங்கேயா என்று சண்டை. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 1988இல் தீர்ப்பு எகிப்துப் பக்கம் வந்தது. 1989இல் இஸ்ரேல் ஹோட்டலோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஓஸ்லோவில் இல்லாமல் போனது இதுதான்: வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு மூன்றாம் ஆள்.

இஸ்ரேல் எல்லாவற்றையும் கொடுத்தது, அராபத்தான் உதறிவிட்டார் என்கிறார்களே?

பாதி உண்மை. 2000 ஜூலையில் கேம்ப் டேவிட்டில் பிரதமர் பராக் அதற்கு முன் எந்த இஸ்ரேலியத் தலைவரும் பேசாத அளவுக்குப் பேசினார். எழுத்தில் எதுவும் தரவில்லை. அமெரிக்கர்கள் வழியே வாய்மொழியாகத்தான் போனது. அராபத் மறுத்தார், அதைவிட மோசம், தன் பக்கத்திலிருந்து மாற்று யோசனை என்று ஒன்றை முழுசாக வைக்கவும் இல்லை. செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாடா, அதாவது பாலஸ்தீன எழுச்சி வெடித்தது.

கதை அதோடு முடியவில்லை என்பதைப் பலர் சொல்வதில்லை. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளின்டன் ஒரு வரையறை கொடுத்தார். மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காடு பாலஸ்தீனத்துக்கு, கொஞ்சம் நில மாற்று, ஜெருசலேமில் அரபுப் பகுதி அவர்களுக்கு, யூதப் பகுதி இவர்களுக்கு. இரு தரப்பும் 'ஆனால்' போட்டு ஏற்றார்கள். 2001 ஜனவரியில் அதே தாபாவில் உட்கார்ந்து பேசினார்கள், நெருங்கியும் வந்தார்கள். அதற்குள் கிளின்டன் பதவி முடிந்துவிட்டது, பிப்ரவரித் தேர்தலில் பராக் தோற்றார், ஷாரோன் வந்தார்.

அதற்குப் பிறகு அவ்வளவு நெருங்கவே இல்லையா?

நெருங்கினார்கள், 2008இல். இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட்டும் பாலஸ்தீன அதிபர் அப்பாஸும் முப்பது தடவைக்கு மேல் சந்தித்தார்கள். செப்டம்பரில் ஓல்மெர்ட் ஒரு வரைபடத்தை விரித்தார். மேற்குக் கரையில் சுமார் 6.3 விழுக்காட்டை இஸ்ரேல் எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு 5.8 விழுக்காடு அளவு நிலமும் காசாவுக்கு ஒரு இணைப்பு வழியும் தரும். கையெழுத்துப் போடாமல் வரைபடத்தைத் தர மாட்டேன் என்று ஓல்மெர்ட் சொல்ல, அப்பாஸ் பார்த்ததை ஒரு காகிதக் கைக்குட்டையில் கிறுக்கி எடுத்துப்போனார். ஒரு தேசத்தின் எல்லை சாப்பாட்டு மேசைத் தாளில்! ஓல்மெர்ட் ஊழல் விசாரணையில் சிக்கி, பதவி விலகுவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். போகிற மனிதர் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அப்பாஸ் யோசித்தார். டிசம்பரில் காசாவில் போர் தொடங்கியது.

2024இல் அதே ஓல்மெர்ட், அராபத்தின் சகோதரி மகன் நாசர் அல்-கித்வாவோடு சேர்ந்து 4.4 விழுக்காடு நில மாற்றம் என்று புதுத் திட்டம் வெளியிட்டார். எண் மட்டும் மாறியிருக்கிறது, கணக்குப் பழசுதான்.

அப்படியானால் இன்றைக்குப் பெரிய தடை எது?

குடியேற்றங்கள் என்பேன். மேற்குக் கரையில் ஐந்து லட்சத்துக்கு மேல், கிழக்கு ஜெருசலேமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இஸ்ரேலியர்கள் குடியேறியிருக்கிறார்கள். பிடித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியேற்றக்கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா உடன்படிக்கை. அந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. இஸ்ரேல் இதை ஏற்பதில்லை.

பெரும்பாலானவர்கள் பச்சைக்கோட்டுக்கு அருகில் கொத்தாக வாழ்கிறார்கள், அதனால் நில மாற்றத்தில் சமாளிக்கலாம் என்பது பழைய நம்பிக்கை. இன்றும் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. உள்ளே தள்ளியிருக்கும் சின்னச் சின்னக் குடியேற்றங்களும், அவற்றுக்குப் போகும் சாலைகளும், சாலையைக் காக்கும் ராணுவமும்தான் வரைபடத்தைச் சல்லடை ஆக்குகின்றன. வண்டி எண் பலகையைப் பார்த்தாலே புரியும். மஞ்சள் பலகை இஸ்ரேலியருடையது, ஜெருசலேம் வழியாக நேரே போகும். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து பாலஸ்தீனருடையது. ரமல்லாவிலிருந்து பெத்லகேம் போக அது ஜெருசலேமைச் சுற்றி, வாதி அன்-நார் என்ற செங்குத்தான மலைப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். அந்தப் பெயருக்கு நெருப்புப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம்.

2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே 'இ1' எனப்படும் இடத்தில் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் நடுவே வெட்டும் இடம் அது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தைப் புதைக்கிற திட்டம் என்று நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே சொன்னார்.

காசாவை விட்டு இஸ்ரேல் வெளியேறியதே. பதிலுக்கு ராக்கெட்தானே வந்தது?

இஸ்ரேலியர்கள் மனதில் ஆழமாகப் பதிந்த கேள்வி இது. அலட்சியமாகத் தள்ளக்கூடாது. காசாவை ஒட்டிய ஸ்தெரோத் ஊரில் பேருந்து நிறுத்தங்கள்கூடக் கான்கிரீட் பதுங்கறைகள். அபாயச் சங்கு ஊதினால் ஓடி ஒளிய 15 வினாடிதான். அந்த 15 வினாடியில் வளர்ந்த குழந்தைகள் இன்று வாக்காளர்கள். "மேற்குக் கரையையும் விட்டால் டெல் அவிவுக்கும் இதே கதிதான்" என்று அவர்கள் சொன்னால் அதைப் பிரசாரம் என்று ஒதுக்க முடியாது.

வெளியேறிய விதத்தையும் பார்க்க வேண்டும். 2005இல் ஷாரோன் காசாவின் 21 குடியேற்றங்களையும் காலிசெய்தார். அப்பாஸோடு பேசி ஒப்படைக்கவில்லை, தன்னிச்சையாகச் செய்தார். சமாதானப் பேச்சை உறையவைக்கத்தான் இது என்று அவருடைய ஆலோசகரே முந்தைய வருஷம் பேட்டி கொடுத்திருந்தார். பேச்சை நம்பிய அப்பாஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை, "எங்கள் துப்பாக்கிதான் விரட்டியது" என்று ஹமாஸ் சொல்லிக்கொண்டது. 2006 தேர்தலில் வென்றது, 2007இல் காசாவைக் கைப்பற்றியது, முற்றுகை இறுகியது.

குடியேற்றவாசிகள் விட்டுப்போன பசுமைக் குடில்களின் கதை இதற்கு நல்ல சாட்சி. உலக வங்கியின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் முயற்சியில், அவர் கைப்பணத்தையும் போட்டு, நன்கொடையாளர்கள் சுமார் 1.4 கோடி டாலருக்கு அவற்றை வாங்கிப் பாலஸ்தீனர்களிடம் கொடுத்தார்கள். ராணுவம் போனதும் உள்ளூர்க்காரர்கள் சிலர் குழாயையும் மோட்டாரையும் பிடுங்கிப் போனார்கள். அதையும் சரிசெய்து பயிரிட்டு அறுவடை பண்ணினார்கள். ஏற்றுமதிக்கு இருந்த ஒரே வாசலான கர்னி கடவையை இஸ்ரேல் அடிக்கடி மூட, விளைச்சல் லாரியிலேயே அழுகியது. சூறையாடியதை ஒரு தரப்பு சொல்லும், அழுகியதை மறு தரப்பு சொல்லும். இரண்டும் நடந்தது.

2023 அக்டோபர் 7க்குப் பிறகும் சமாதானம் பேசுவது கேலிக்கூத்தாக இல்லையா?

அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். 251 பேர் பணயக் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில் இறந்தவர்கள் எண்ணிக்கை 2025 முடிவுக்குள் 70,000ஐத் தாண்டியது என்கிறது காசா சுகாதார அமைச்சகம். காசாவின் மொத்த மக்கள்தொகையே 20 லட்சத்துச் சொச்சம். கிட்டத்தட்ட எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள், பலர் பல தடவை. நெதன்யாகு மீது போர்க்குற்றத்துக்காக 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது. நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா. விசாரணைக் குழு 2025 செப்டம்பரில் முடிவுசெய்தது. இஸ்ரேல் அதை மறுக்கிறது.

இப்படி ஒரு ரணத்தின்மேல் நின்று "நம்புங்கள்" என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. 1973 போருக்கும் எகிப்து உடன்படிக்கைக்கும் இடையே ஆறு வருஷம்தான் போனது. அவர்களும் ஒருவரை ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் நடுவில் கண்காணிப்புப் படை வேண்டியிருந்தது.

2025 சண்டை நிறுத்தத்துக்கு அடிப்படையான டிரம்பின் 20 அம்சத் திட்டம் என்ன ஆகும்?

உடனடி வேலையில் பலன் இருந்தது. 2025 அக்டோபர் 13 அன்று உயிரோடிருந்த 20 பணயக் கைதிகளும் வீடு திரும்பினார்கள், கிட்டத்தட்ட 2,000 பாலஸ்தீனக் கைதிகள் விடுதலையானார்கள். நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2803ஆம் தீர்மானம் மூலம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே வைப்பது, பன்னாட்டுப் படை வருவது, இஸ்ரேல் படிப்படியாக விலகுவது என்று வரிசை போட்டிருக்கிறார்கள். பாலஸ்தீன நாடு பற்றி? சூழ்நிலை கனிந்தால் அதற்கான பாதை அமையலாம் என்கிற தொனியில் ஒரு வரி. எனக்கு ஓஸ்லோ வாசனை அடிக்கிறது.

ஜெருசலேமை எப்படிப் பங்குபோடுவது? அது முடியாத காரியம்தானே?

பங்குபோடாமலே ஓட்ட முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் யூதர்களின் மேற்குச் சுவர், அதற்கு மேலே அல்-அக்ஸா வளாகம், கூப்பிடு தூரத்தில் கிறிஸ்தவர்களின் திருக்கல்லறைத் தேவாலயம்.

அந்தத் தேவாலயத்தை ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கொன்று ஆகாது. எந்தத் தூணை யார் துடைப்பது என்பதில் கைகலப்புகூட நடந்திருக்கிறது. வாசல் சாவியோ பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. ஒரு குடும்பம் சாவியை வைத்திருக்கும், இன்னொரு குடும்பம் கதவைத் திறக்கும். வாசலுக்கு மேலே சன்னலடியில் ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டிலிருந்து சாய்ந்து நிற்கிறது. எல்லோரும் ஒப்பாமல் எதையும் நகர்த்தக்கூடாது என்பது ஒட்டோமான் காலத்து ஏற்பாடு. ஒப்பவில்லை, ஆகவே ஏணி நிற்கிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

அல்-அக்ஸா வளாகத்திலும் 1967இலிருந்து இப்படியொரு புரிதல் உண்டு. நிர்வாகம் ஜோர்டான் சார்ந்த வக்ஃபிடம், தொழுகை முஸ்லிம்களுக்கு, மற்றவர்கள் வந்து பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் இஸ்ரேலிய அமைச்சர் பென்-க்விரே அங்கே போய்ப் பிரார்த்தனை செய்து அதை உரசிப் பார்க்கிறார். ஏணியை நகர்த்துகிற வேலை அது. நகரத்தைப் பொறுத்தவரை கிளின்டன் சொன்ன சூத்திரத்தைவிட எளியது எனக்குத் தெரிந்து இல்லை: இரண்டு தலைநகரம், நடுவில் சுவர் இல்லாத ஒரே ஊர்.

அகதிகள் எல்லோரும் திரும்பி வந்தால் இஸ்ரேல் என்ன ஆவது?

ஐ.நா. நிவாரண அமைப்பில் பதிவானவர்கள் 59 லட்சம் பேர்வரை. 1948இல் ஓடியவர்களும் அவர்கள் பிள்ளை, பேரப்பிள்ளைகளும். விட்டுவந்த வீட்டின் சாவியை இன்னமும் சுவரில் மாட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பல வீடுகள் இன்று இல்லை, சில கிராமங்களே இல்லை. அரபு நாடுகளிலிருந்து வெளியேறிய சுமார் எட்டு லட்சம் யூதர்களின் இழப்பும் இந்த வழக்கில் பேசப்பட வேண்டியதே.

திரும்பும் உரிமையை ஏற்பது வேறு, எல்லோரும் திரும்புவது வேறு என்று பேச்சுவார்த்தைகளில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பாலஸ்தீன நாட்டுக்குத் திரும்பலாம், இருக்கும் நாட்டிலேயே குடியுரிமை பெறலாம், மூன்றாம் நாட்டுக்குப் போகலாம், குறிப்பிட்ட எண்ணிக்கையில் இஸ்ரேலுக்குள் வரலாம், எல்லோருக்கும் இழப்பீடு. 2002இல் பெய்ரூட்டில் அரபு லீக் வைத்த அமைதித் திட்டத்தில்கூட 'ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயமான தீர்வு' என்றுதான் இருக்கிறது. அதாவது இஸ்ரேலின் சம்மதமும் வேண்டும். நடந்தது அநியாயம் என்று ஒரு வார்த்தை இஸ்ரேல் சொல்வதுதான் எண்ணிக்கையைவிடச் சிக்கல்.

தண்ணீர்ப் பிரச்சினையும் உண்டாமே?

உண்டு, ஆனால் தீர்க்கக்கூடியது. மேற்குக் கரையில் மொட்டைமாடிகளைப் பார்த்தாலே இது யார் வீடு என்று சொல்லிவிடலாம். வரிசையாகக் கறுப்புத் தொட்டி நின்றால் பாலஸ்தீன வீடு, குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாததால் சேமிக்கிறார்கள். குடியேற்றத்து வீடுகளில் அந்தத் தொட்டிக்கு அவசியமில்லை. 1995இல் ஐந்து வருஷத்துக்கென்று போட்ட தண்ணீர்ப் பங்கீடுதான் இன்றும் நடக்கிறது, அங்கேயும் 'இடைக்காலம்'! இப்போது இஸ்ரேல் வீட்டுத் தண்ணீரின் பெரும்பங்கைக் கடல்நீரிலிருந்து எடுக்கிறது. ஒருவர் குடித்தால் மற்றவருக்கு இல்லை என்ற நிலை போய்விட்டது.

பேசாமல் ஒரே நாடாக, எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்று வைத்துவிட்டால்?

காகிதத்தில் அதைவிட நியாயமானது இல்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே சுமார் 70 லட்சம் யூதர்கள், ஏறக்குறைய அதே அளவு பாலஸ்தீனர்கள். யூதர்கள் தங்களுக்கென்று ஒரு நாடு இல்லாமல் பட்ட பாட்டை மறந்து, பாதுகாப்பைப் பிறர் கையில் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாலஸ்தீனர்களும் தங்கள் கொடியை விட்டுத்தரத் தயாரில்லை. இன்று நடப்பதும் ஒருவகையில் ஒரே நாடுதான், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு ஓட்டு இல்லாத நாடு.

நடுவே ஒரு யோசனை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. இரு தரப்பினரும் சேர்ந்து நடத்தும் 'எல்லோருக்குமான நிலம்' இயக்கம் சொல்வது இது: இரண்டு நாடு, இரண்டு நாடாளுமன்றம், திறந்த எல்லை. ஹெப்ரோனில் வாழ விரும்பும் யூதர் பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழலாம், ஓட்டு இஸ்ரேலில் போடலாம். இன்று இஸ்ரேலில் இருக்கும் யாஃபாவுக்குத் திரும்ப விரும்பும் பாலஸ்தீனருக்கும் அதே கணக்கு. ஒருவரையும் வீட்டைவிட்டு இழுக்க வேண்டாம். பெரிய கனவுதான், ஆனால் ஏழு லட்சம் பேரைக் காலிசெய்வோம் என்பது அதைவிடப் பெரிய கனவு.

பேசுவதென்றால் யாரோடு பேசுவது?

இங்கேதான் மூச்சு முட்டுகிறது. அப்பாஸ் 2005இல் நான்கு வருஷத்துக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்றும் அதிபர். ஹமாஸ் 2017 ஆவணத்தில் 1967 எல்லையைப் பேசினாலும் இஸ்ரேலை ஏற்கவில்லை, 2023இல் செய்ததை உலகம் பார்த்தது. பாலஸ்தீனர்களிடையே எடுக்கும் கருத்துக்கணிப்பில் முன்னே நிற்கும் தலைவர் மர்வான் பர்கூதி 2002 முதல் இஸ்ரேலியச் சிறையில், ஐந்து ஆயுள் தண்டனையோடு. இந்தப்பக்கம், பாலஸ்தீன நாடு கூடாது என்று 2024 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் 68க்கு 9 என்று தீர்மானம் போட்டது. பல வருஷமாகக் கத்தார் பணத்தைக் காசாவுக்குள் விட்டு ஹமாஸைத் தாங்கிப்பிடித்து, ரமல்லாவில் இருக்கும் பாலஸ்தீன நிர்வாகத்தை நோஞ்சானாக வைத்ததும் நெதன்யாகு அரசுதான். பேச ஆளில்லை என்ற புகாரில் பாதி, ஆளில்லாமல் பார்த்துக்கொண்டவர்களுடையது.

நாடுகள் வரிசையாகப் பாலஸ்தீனத்தை அங்கீகரிப்பதால் ஏதாவது பலன் உண்டா?

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் அங்கீகரித்தன. மொத்தம் 150 நாடுகளுக்கு மேல். அதனால் ஒரு சோதனைச்சாவடிகூட அகலவில்லை. ஆனாலும் 1993 கடிதத்தில் விடுபட்டதை மற்றவர்கள் எழுதி வைக்கிறார்கள் என்ற அளவில் எனக்கு அது முக்கியம்.

இந்தியா யார் பக்கம்?

1947இல் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலையும் 1988இல் பாலஸ்தீனத்தையும் அங்கீகரித்தது. 1992இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு. இப்போது இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்குகிறது, 2025 செப்டம்பரில் ஐ.நா.வில் இரு நாட்டுத் தீர்வுக்கு ஆதரவாக ஓட்டும் போட்டது.

அங்கே இன்னும் அமைதி பேசுகிறவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், சிறுபான்மையாக. பிள்ளையைப் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்த 'பெற்றோர் வட்டம்' 1995 முதல் இயங்குகிறது. ஒரு இஸ்ரேலியரும் ஒரு பாலஸ்தீனரும் ஜோடியாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தங்கள் சாவு வீட்டுக் கதையைச் சொல்வார்கள். துரோகி என்று இரண்டு பக்கமும் வசவு வாங்குவார்கள்.

விவியன் சில்வர் என்ற கனடாவில் பிறந்த பெண்மணி காசா எல்லையோரம் பேரி என்ற கிபுட்ஸில், அதாவது கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்தார். காசாவிலிருந்து வரும் நோயாளிகளை எல்லைக் கடவையில் ஏற்றிக்கொண்டு இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் கொண்டுபோய் விடுவார். 'பெண்கள் அமைதியை உருவாக்குகிறார்கள்' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 4 அன்று அவருடைய இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் 'சூரியனின் பெண்கள்' இயக்கமும் சேர்ந்து ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் பேரணி நடத்தின. மூன்றாம் நாள் ஹமாஸ் பேரிக்குள் புகுந்தது. கடத்தப்பட்டார் என்றே முதலில் நம்பினார்கள். எரிந்த வீட்டில் கிடைத்தது அவருடைய எச்சம்தான் என்று தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவருடைய மகன் சமூகப்பணியாளர் வேலையை விட்டுவிட்டு, அம்மா விட்ட வேலையை எடுத்துக்கொண்டார்.